காலால் மிதிக்காத பெடல்

எங்கள் வீட்டில் ஆக்டேவ் பெடலைக் காலால் மிதிப்பது கிடையாது. மிதிப்பதற்காகவே செய்த பொருள் அது என்பதை, அட்டைப்பெட்டிக்குள் வந்த கையேட்டின் படத்தைக் காட்டியே எடுத்துச் சொன்னேன். படத்தில் மிகத் தெளிவாக ஒரு ஷூ இருந்தது. மனு தள்ளுபடி ஆயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிதாருக்கும், அதன் சத்தத்தை வெளியே விடும் ஆம்ப் பெட்டிக்கும் நடுவில் கேபிள் போட்டு வைக்கிற, உள்ளங்கை அகல இரும்புப் பெட்டிதான் ஆக்டேவ் பெடல். தலையில் ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, மூன்று திருகு குமிழ்கள். கிதாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டினால் அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழேயும் மேலேயும் அதுவும் கூடவே எழுப்பும். அப்பா, அம்மா, குழந்தை மூவரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் குமிழ்கள் தீர்மானிக்கும்.

இதை நான் எனக்காக வாங்கவில்லை. என் மனைவியின் குரலுக்காக வாங்கினேன்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்கள் சேர்ந்து பாடும் குழு ஒன்று உண்டு. நவராத்திரிக்குக் கீழ்த்தளத்துப் பொது ஹாலில் கொலு வைத்து, தினமும் சாயங்காலம் பாடுவார்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடுவதற்கும், தெரியாதவர்கள் சுண்டலுக்கும் வருவார்கள். நான் இரண்டாம் பிரிவு. என் மனைவி முதல் பிரிவில் முன்வரிசை. பாட்டு மேல் ஸட்ஜத்தைத் தாண்டி ஏறும் இடங்களில் மற்றவர்கள் இருமுவது, புடவைத் தலைப்பைச் சரிசெய்வது என்று ஏதாவது ஒரு காரணத்தை வைத்து விலகிக்கொள்வார்கள். இவள் மட்டும் தனியாக மேலே போய், வேலையை முடித்துக்கொண்டு இறங்கி வருவாள்.

பிறகு அவள் கழுத்தில் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் ஆயிற்று. பேச்சு திரும்பியது, ஆனால் குரல் தடித்துக் கீழே இறங்கிவிட்டது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. அப்படி ஆகக்கூடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார். போட்டவன் நான். வாழ்நாள் முழுவதும் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போட்டேன். முறைப்படி படித்தேன் என்பதற்காகக் குரல் திரும்பி வந்துவிடுமா?

உடம்பு தேறியதும் வேண்டுதலுக்காகச் சமயபுரம் போனோம். சன்னதியில் எப்போதும் வாய்விட்டுப் பாடுபவள், அன்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணியின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. இவள் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். இவள்தான் எடுத்தாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், கனெக்ஷன் உங்க மிஸஸ் பேர்ல இருக்கு. அவங்ககிட்ட போனைக் குடுங்க சார்."

"நான்தாம்மா அது."

"சார், விளையாடாதீங்க சார்."

போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டன. அதன்பிறகு வீட்டில் முணுமுணுப்பது கூட நின்றுபோயிற்று. குழுவை நடத்துகிற மூன்றாவது மாடி மாமி ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். கடைசியில் தானே வந்தார்.

"தினம் பாடினாலும் நவராத்திரி சப்தமிதான் நம்ம குழுவோட பெரிய கச்சேரி. நீ வரயா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வரலேன்னா முன்வரிசையிலே வேற யாரையாவது உட்கார வைக்கணும். எனக்கு மனசு வரலை, சொல்லிட்டேன்."

"ஆம்பளைக் குரலை வெச்சுக்கிட்டு அங்க வந்து நான் என்ன மாமி பண்றது? வேற யாரையாவது உக்கார வெச்சுக்குங்க."

"கொலு வைக்கற வரைக்கும் டயம் தரேன்" என்று சொல்லிவிட்டு, மாமி பதிலுக்குக் காத்திராமல் லிஃப்டுக்குப் போனார். கால அவகாசம் கொடுத்த பிறகு அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் பாலபாடம். மாமிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

என்னிடம் ஒரு கிதார் இருந்தது. கல்லூரி நாட்களில் பழகியது. வேலை கிடைத்ததும் நின்றுபோனது. ஓய்வு பெற்றதும் புதிதாக ஒன்று வாங்கி, அக்கம்பக்கத்தாரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். என் யோசனை சுலபமானது. பாட்டு மேலே ஏறும் இடத்தில் கிதார் இவளுக்குப் பதிலாக ஏறட்டும். ஆள் விடுப்பில் போனால் அடுத்த மேஜைக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பதில்லையா, அதுபோல. கிதாரின் மேல் ஸ்வரங்கள் மெலிந்து ஒலிக்கும் என்பதால் ஆக்டேவ் பெடல் வைத்துத் தடிமன் ஏற்றலாம் என்று தெரிந்துகொண்டேன்.

தென்னூரில் வாத்தியக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆக்டேவ் பெடலா? பேரனுக்குங்களா சார்?"

"எனக்கு."

"உங்களுக்கா! பேண்டு எதுலயாவது வாசிக்கிறீங்களா?"

"கொலுவிலே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்" என்றார். எதிரே கொலுவுக்கு ஆக்டேவ் பெடல் வாங்க வந்த மனிதன் நிற்கும்போது ஒரு கடைக்காரர் இதைவிடக் கண்ணியமாக நடந்துகொள்ள முடியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடாப்டரைச் சொருகி, கேபிளை மாட்டி, பெடலைத் தரையில் வைத்து, காலைத் தூக்கினேன்.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

"சுவிட்ச் போடறேன்."

"காலாலயா?"

"இதைக் காலாலதான் போடணும். பேரே பெடல்."

"சத்தம் வருதுல்ல? அப்ப அது வாத்தியம். வாத்தியத்தைப் போய் யாராவது மிதிப்பாங்களா?"

முன்னுதாரணங்களை எடுத்து வைத்தேன். "அந்தக் காலத்துல கால் ஹார்மோனியம்னு ஒண்ணு இருந்துச்சு. மிதிச்சு மிதிச்சுத்தான் வாசிச்சாங்க."

"அது டிராமாவுல. இது வீடு."

"தையல் மெஷினை வருஷம் பூரா மிதிக்கிறே. ஆயுத பூஜைக்கு அதுக்கே பொட்டும் வெக்கிறே."

"அது தைக்குது. பாடலியே."

இந்த வாதத்துக்கு மேல்முறையீடு செய்ய எனக்கு இடம் தெரியவில்லை. அவள் உள்ளே போய் மணையைக் கொண்டுவந்து போட்டு, பெடலைத் துடைத்து அதன்மேல் வைத்தாள். நானும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு நிர்வாகச் சிக்கல் புரிந்தது. என் இரண்டு கைகளும் கிதாரில் இருந்தன. கால் கூடாது. அப்படியானால் சுவிட்சை யார் அழுத்துவது?

"நகருங்க" என்று எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சுவிட்ச் விறைப்பானது, விரலால் அழுத்தினால் அசையாது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, சப்பாத்தி மாவை அழுத்துகிறாற்போல ஓர் அழுத்து அழுத்தினாள். டக். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் வாசித்தேன். பெட்டி வாய் கொப்பளித்தது.

ஸ்வரத்தைத் தவிர வேறு எல்லாச் சத்தமும் வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். குமிழ்களைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, முறைப்படி ஒவ்வொன்றாக ஏற்றினேன். திரும்பவும் கொப்பளிப்பு. குற்றம் என் பழக்கத்தில் இருந்தது. வீணையில் பக்கத் தந்திகளைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொள்வார்களே, அதைப் பார்த்துப் பார்த்து, கிதாரிலும் பாட்டோடு தடித்த தந்தியைக் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டே வாசிப்பது என் வழக்கம். சுருதி இல்லாமல் எனக்குக் கை ஓடாது. இந்தப் பெட்டியோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டுமே தொடரக்கூடிய வகை. இரண்டு சேர்ந்து வந்தால் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் உளறும். கையேட்டில் இது எழுதியிருந்தது. நானும் படித்திருந்தேன். சுருதித் தந்தியையும் ஒரு ஸ்வரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. சுருதியைத் தனி ஸ்வரமாக நினைக்கிற ஊரில் நான் வளரவில்லை.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல கத்தினா நீங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தரை வெளியே உக்காரச் சொல்வேன்."

"அதையே பண்ணுங்க." எழுந்து போய் அலமாரியிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துவந்து போட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அதை அவள் தொட்டது அன்றுதான். சுருதி அதிலிருந்து வந்தது. என் கட்டைவிரல் பதவி இழந்தது. தடித்த தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரமாக மீட்டினேன். கீழே இருந்து ஒரு கம்பீரமான சத்தம் எழுந்து வந்தது. ஜன்னலோரம் இருந்த டம்ளர் லேசாக அதிர்ந்தது.

"இதுக்கா கொப்பளிச்சுது!" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலக் காபி முடிந்ததும் அமர்வு. கையேட்டில் மாதிரி அமைப்புகள் சில இருந்தன. நான் அவற்றை வரிசைப்படி சோதிக்க விரும்பினேன். அவள் குமிழ்களை உப்பு காரம் பார்ப்பதுபோலத் திருகினாள். அசலை அறவே குறைத்து, கீழ் ஸ்தாயியை மட்டும் வைத்தால், என் கிதார் மெல்லிசைக் குழுவின் பேஸ் கிதார் ஆகிவிட்டது. மேல் ஸ்தாயியைக் கொஞ்சமே தூவினால், ஒவ்வொரு தந்திக்குப் பக்கத்திலும் ஒரு மெல்லிய தந்தி சேர்ந்ததுபோல் மினுங்கியது. தந்தியை மீட்டும்போது கிதாரின் வால்யூமை மூடி வைத்து, மீட்டிய பிறகு சிறுவிரலால் மெல்லத் திறந்தால், தட்டும் சத்தம் மறைந்து ஹார்மோனியம் மூச்சு விடுவதுபோல் கேட்டது. கிதாரை மடியில் படுக்க வைத்து, காலியான தைலப் புட்டியைத் தந்திமேல் வழுக்கிப் பார்த்தோம். வேகமான கமகங்களில் பெட்டி தடுக்கி விழுந்தது. நிதானமாக வழுக்கினால், தூரத்துக் கோயிலில் நாகஸ்வரம் வாசிப்பதுபோல ஓர் இழுப்பு. தைல வாசனை மட்டும் இரண்டு நாள் தந்திகளில் இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட நல்ல உபயோகத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். எந்த மாதிரி அமைப்பிலும் அது இல்லை. நாமாவளி மாதிரி ஒன்றை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை ஒரு வரி. அதே வரி திரும்பவும். திரும்பும் இடத்தில் அவள் பட்டென்று சுவிட்சை அழுத்தினாள். ஒற்றை ஆள் எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. அடுத்த வரிக்கு அணைத்தாள். திரும்பும்போது மறுபடி அழுத்தினாள்.

"இது கோஷ்டிங்க" என்றாள். "பெருமாள் முன்னாடி வீதியில பாசுரம் சேவிச்சுக்கிட்டுப் போவாங்கல்ல, பெரியவங்க குரல் அடியில, சின்னப் பசங்க குரல் மேல. எல்லாம் ஒரே பாட்டுதான்."

"ஆமாம்."

"அடியில இருக்கற குரலை எடுத்துட்டா எப்படி இருக்கும்?"

கீழ் ஸ்தாயிக் குமிழைச் சுழியத்துக்குத் திருகினாள். நான் வாசித்தேன். கூட்டம் மெலிந்து, ஸ்கூல் பிரேயர் மாதிரி ஆயிற்று. குமிழை மெல்ல ஏற்றினாள். மறுபடி தரை வந்தது. அவள் அந்தக் குமிழின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். பாட்டு மேலே ஏறும் இடங்களில், பெட்டியின் கீழ்ச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் இழைந்தது. அவள் வாய் மூடித்தான் இருந்தது. நான் தலைநிமிரவில்லை. ஒரு கோப்பு தானாக நகர ஆரம்பித்தால் அதைப் பற்றி யாரிடமும் விசாரிக்கக் கூடாது; விசாரித்தால் நின்றுவிடும். என் பணி அனுபவத்தில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

கொலுப்படி கட்டும் நாளில் மாமி வந்தார்.

"என்னம்மா, வரயா?"

"வரேன் மாமி. ஆனா பாடறதுக்கு இல்லை. இவரு வாசிக்கிறாரு, நான் சுவிட்ச் போட வரேன்."

மாமி என்னைப் பார்த்தார். "சார் என்ன வாசிக்கப் போறார்?"

"கிதார்."

"பெருமாளே" என்றார் மாமி. பிறகு, "சரி, முன்வரிசையிலேயே உட்காருங்கோ" என்றார்.

சப்தமி சாயங்காலம் ஹாலில் ஜமுக்காளம் விரித்து, கொலுவுக்குப் பக்கவாட்டில் நாங்கள். மணைமேல் பெடல். அதைப் பார்த்து ஒரு பெண்மணி, ஏதோ சாமி வைத்திருக்கிறதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குழு பாட ஆரம்பித்தது. முதல் பாட்டிலும் அடுத்ததிலும் நான் பெடல் இல்லாமல் அடக்கமாக வாசித்தேன். அதற்கடுத்தது அம்மன் பாட்டு. முன்பெல்லாம் இவள் தனியாக மேலே போய் வரும் வரி அதில்தான் உண்டு. எங்கள் ஏற்பாட்டின்படி, அந்த வரிக்கு நான் மேல் தந்திக்குப் போக, அவள் சுவிட்சை அழுத்தி அடியில் தரை போட வேண்டும்.

அந்த வரி வந்தது. வழக்கம்போல் சிலர் இருமினார்கள். மாமியும் இன்னும் ஒருவரும் மெலிந்த குரலில் மேலே ஏறினார்கள். நான் கூடவே போனேன். சரியான இடத்தில் அடியிலிருந்து அந்தக் கீழ் ஸ்தாயி எழுந்து வந்தது. வீட்டில் கேட்டதைவிட நன்றாகவே இருந்தது. ஹாலின் எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தேன். மேலே போனவர்களின் குரலும் அதன்மேல் சாய்ந்துகொண்டு தைரியமாகப் போயிற்று. இருமியவர்களில் ஒருவர் இருமலை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார். வால்யூம் சரியாக இருக்கிறதா என்று பெடலைக் குனிந்து பார்த்தேன்.

சிவப்பு விளக்கு எரியவில்லை.

அவள் கை சுவிட்சுக்குப் பக்கத்தில், மணையின் ஓரத்தில், தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கண் கொலுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது.

எனக்கு ஒரு ஸ்வரம் தவறிற்று. யாரும் கவனித்த மாதிரி இல்லை.

முடிந்ததும் மாமி நேரே மணையிடம் வந்தார். "சார், இந்தப் பொட்டி பேஷ். கீழேர்ந்து என்னமா எழும்பறது! ரத்தமும் சதையுமா ஒரு மனுஷா பாடற மாதிரி."

உண்மை நிலையை விளக்க நான் வாயைத் திறந்தேன். மனைவி சுண்டல் தொன்னையை என் கையில் திணித்தாள். "ஆமா மாமி, நல்ல பொட்டி" என்றாள்.

லிஃப்டில் சொன்னாள்: "சொல்லிடாதீங்க."

"எதுவரைக்கும்?"

"நாளன்னிக்கு வரைக்கும்."

நாளன்றைக்குச் சரஸ்வதி பூஜை. அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று காலையில் விளங்கியது. புத்தகங்களை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, கிதாரைச் சாய்த்து வைத்தாள். பெடலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சிவப்பு விளக்கின்மேல் படாமல் பார்த்துக்கொண்டாள். பெடலின் கையேடும் புத்தக அடுக்கில் இருந்தது. மேலட்டையில் இருந்த அந்த ஷூ, அடியில் போகும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் எடுக்கக் கூடாது. விதிவிலக்குக்கு இடமே இல்லாத விதி.

சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கையில் ஒன்றும் இல்லை. நானும் வெறுங்கையோடு பின்னால் போனேன். வாசித்துப் பழகிவிட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஹாலில் மாமி எங்களைப் பார்த்ததும் பதறினார். "பொட்டி எங்கே?"

"பூஜையில இருக்கு மாமி."

"ஐயோ! அப்போ அந்த அம்மன் பாட்டுக்குக் கீழ் ஸ்தாயி?"

"அது வந்திருக்கு" என்றாள்.

மாமி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைக் கையால் நகரச் சொல்லி இடம் பண்ணினார். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே பாட்டை எடுத்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வரி வந்தபோது மற்றவர்கள் மேலே ஏறினார்கள், இந்தமுறை இருமல் இல்லாமல். அவள் அடியில் நின்று பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. சுண்டல் மடியில் இருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் நான் தாளம் போட்டுக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. காலால்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.